நீரைச் செரிக்கும் நிலம்

செப்டம்பர் மாதம் முடியும் தறுவாயில் ஆண்டுதோறும் ஓர் இரவு நினைவுக்கு வருகிறது. இவ்வாண்டு அதனை எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். பதிவு நீளமானது. பொறுமையுடன் படிக்கும் நண்பர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் முன்கூட்டியே நன்றி.

2019 செப்டம்பர் 25. மொழியியல் முதுகலை படிப்பதற்காகப் புனேவுக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. சகார்நகர்ப் பக்கம் ஒரு வீட்டின் மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். இரவில் மழை வலுத்தது. ஒன்பது மணிக்கு மேல் மின்சாரம் போயிற்று. கீழ்வீட்டு ஆஜி, அதாவது வீட்டுக்காரப் பாட்டி, படியேறி வந்து கதவைத் தட்டினார். கையில் ஒரு பையும் மருந்துப் பெட்டியும் இருந்தன. அவர் சொன்னது இரண்டே சொற்கள்: "ஓடா ஆலா." ஓடை வந்துவிட்டது.

அன்று என் மராத்தி மிகக் குறைவு. ஓடை நிரம்பிற்று, ஓடை உடைந்தது என்று சொல்லாமல், வெளியூர் சென்றிருந்த உறவினர் திரும்பி வந்ததைப் போல "வந்துவிட்டது" என்று அவர் சொன்னது மட்டும் மனத்தில் நின்றது. விடியும் வரை அவர் என் கட்டிலிலும் நான் தரையிலுமாக இருந்தோம். 1961 ஜூலை 12 அன்று பான்ஷேத் அணை உடைந்தபோது தாம் பள்ளிச் சிறுமியாக இருந்ததையும், வெள்ளம் வடிந்தபின் வீட்டுப் பாத்திரங்களைத் தெருச்சேற்றில் தேடியதையும் சொன்னார். காலையில் கீழே இறங்கினால் கூடத்தில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக்கோடு. தெருமுனையில் இரண்டு கார்கள் ஒன்றன்மீது ஒன்று ஏறிக் கிடந்தன. அந்த ஓரிரவில் புனே நகரிலும் மாவட்டத்திலுமாக 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அரண்யேஷ்வர் பகுதியில் சுவர் இடிந்து விழுந்து மாண்டோரும் அவர்களுள் அடங்குவர்.

அடுத்த நாள்களில் செய்திகளிலும் அறிக்கைகளிலும் வேறொரு சொல்லைக் கண்டேன்: "நாலா". நாலா நிரம்பியது, நாலாவின் தடுப்புச்சுவர் உடைந்தது, நாலா ஆக்கிரமிப்பு. ஆஜிக்கு ஓடா, அலுவலகத்துக்கு நாலா. இரண்டும் கத்ரஜ் மலையடியில் தொடங்கி முட்டா ஆற்றில் கலக்கும் அம்பில் ஓடா என்னும் ஒரே நீரோட்டத்தைத்தான் குறித்தன.

சொற்பொருள் மாற்றத்தை மொழியியல் மாணவர்களுக்குக் கற்பிக்கும்போது "நாற்றம்" என்ற சொல்லை எடுத்துக்காட்டுவது வழக்கம். முன்பு மணம் என்று பொருள்பட்ட சொல் இன்று தீய மணத்தை மட்டும் குறிக்கிறது, இஃது இழிபொருட்பேறு. "நாலா" என்பதற்கும் வட இந்திய மொழிகளில் இயற்கையான சிற்றோடை என்ற பொருள் உண்டு. நகரத்தில் அது கழிவுநீர் செல்லும் வழியாகச் சுருங்கிவிட்டது. சென்னையில் "கூவம்" என்ற ஆற்றின் பெயர் வசைச்சொல்லாகவே ஆகிவிட்டதை நாம் அறிவோம். ஒரு நீரோட்டத்தை ஓடை என்று அழைத்தால் அதற்குக் கரை உண்டு, வெள்ளக்காலம் உண்டு, பெருகும்போது அகன்று கிடக்க இடம் வேண்டும் என்ற நினைவும் உண்டு. சாக்கடை என்று அழைத்துவிட்டால் அதை மூடலாம், குறுக்கலாம், மேலே கட்டலாம். சொல் மாறியதால்தான் ஓடை சுருங்கியது என்று நான் வாதிடவில்லை. ஓடை சுருங்குவதைப் பார்த்தும் நாம் திடுக்கிடாமல் இருப்பதற்குச் சொல் உதவுகிறது.

(ஒரு தன்னிலை விளக்கம். "ஓடா", "ஓடை" ஆகியவற்றின் ஒலியொப்புமையைக் கண்டு துள்ளிக் குதித்து முதலாண்டில் ஒரு கட்டுரையே எழுதத் தொடங்கினேன். ஒலியொப்புமை உறவுக்குச் சான்றாகாது என்று என் ஆசிரியர் ஒரே வரியில் எழுதித் திருப்பிக் கொடுத்தார். அந்தத் தாளை இன்றும் வைத்திருக்கிறேன். எனவே இப்பதிவில் அந்த ஒப்புமையின்மீது எதையும் கட்டவில்லை.)

அம்பில் ஓடாவை மனிதர் திருப்பிவிட்டது இக்காலத்தில் மட்டும் நிகழ்ந்ததன்று. 18ஆம் நூற்றாண்டில், பேஷ்வா நானாசாகேப் காலத்தில், நகருக்குள் பாய்ந்துகொண்டிருந்த ஓடையைத் தடுத்து மேற்கே திருப்பினர். பர்வதி மலையடியில் ஓர் ஏரி உருவாயிற்று. அதன் நடுவே ஒரு தீவில் விநாயகர் கோயில் எழுந்தது. கத்ரஜில் ஏரி கட்டி, அங்கிருந்து நிலத்தடிக் கால்வாய் வழியாக, நீரின் சொந்த ஓட்டத்தாலேயே, சனிவார் வாடா வரைக்கும் நகரத்து ஹௌதுகள் எனப்படும் பொதுத்தொட்டிகளுக்கும் குடிநீர் கொணர்ந்தனர். பர்வதியடி ஏரி இன்று இல்லை. அவ்விடத்தில் சாரஸ்பாக் பூங்கா இருக்கிறது. ஆனால் கோயிலை மக்கள் இன்னமும் "தள்யாத்லா கணபதி" என்றே அழைக்கின்றனர். ஏரிக்குள் இருக்கும் கணபதி என்பது பொருள். சென்னை மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது; அதிலிருந்து பார்ப்பதற்கு ஏரி இல்லை. நீர் போன பின்பும் பெயர் தங்கிவிடுகிறது. மழை பெய்யும் ஓரிரவில் நீர் தன் பெயரைத் தேடிக்கொண்டு திரும்பி வருகிறது.

இனிச் சற்றுக் கணக்கு. என் துறை இதுவன்று. ஆயினும் இக்கணக்கு எவருக்கும் எட்டக்கூடியது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். ஆயிரம் சதுர மீட்டர் மனையில் 50 மி.மீ. மழை பெய்தால் 50,000 லிட்டர். அம்மனை புல்லும் மரமுமாக இருந்தால் பெரும்பகுதி இலையில் தங்கும், மண்ணில் இறங்கும், பள்ளத்தில் நிற்கும். எஞ்சியதே தெருவுக்கு வரும். கான்கிரீட்டாலும் கூரையாலும் மூடியிருந்தால் பத்தில் ஒன்பது பங்களவு தெருவுக்கு வரும். பொறியாளர்கள் இந்தப் பங்கினை வழிந்தோட்டக் கெழு என்று சூத்திரத்தில் இடுகின்றனர். கூடுதலாக ஒன்று: நீரின் அளவு மட்டுமன்றி அது வந்துசேரும் வேகமும் மாறுகிறது. முன்பு பல மணி நேரம் பரவி வந்த நீர், இப்போது அரை மணியில் ஒரே அலையாக ஓடையை அடைகிறது. புனேயின் சராசரி ஆண்டுமழை ஏறத்தாழ 700 முதல் 750 மி.மீ. தான், பெருமழை நகரம் என்று சொல்ல முடியாது. ஆனால் சுற்றிலும் குன்றுகள், சரிவில் கட்டடங்கள், சமவெளியில் சிமெண்டுச் சாலைகள். நீர் நிற்பதற்கு இடமில்லை.

இந்த நிலையை மாற்றும் முறைகளுக்கு உலகெங்கும் பெயர்கள் பெருகிவிட்டன. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 1990களில் "குறைதாக்க வளர்ச்சி" என்றனர். பிரிட்டனில் "நீடித்த வடிகால் அமைப்பு" என்றும், ஆஸ்திரேலியாவில் "நீருணர் நகர வடிவமைப்பு" என்றும் வழங்குகின்றனர். சீனத்தில் நிலவடிவமைப்பாளர் கொங்ஜியான் யூ வலியுறுத்திய கருத்து "பஞ்சு நகரம்" என்ற பெயரில் அரசுத் திட்டமாகி, 2015இல் 16 நகரங்களில் முன்னோட்டமாகத் தொடங்கியது. இப்பெயர்களின் வரலாற்றை மட்டுமே ஆராயும் கட்டுரை ஒன்று அதே 2015இல் "அர்பன் வாட்டர் ஜர்னல்" இதழில் ஃபிளெட்சரும் பிறரும் எழுதி வெளிவந்தது. ஒரு பொறியியல் இதழில் கலைச்சொல்லியல் கட்டுரையைக் கண்டபோது, வெளியூரில் சொந்த ஊர்க்காரரைக் கண்டதுபோல் மகிழ்ந்தேன். பெயர்கள் வேறாயினும் செயல் ஒன்றுதான்: மழை விழுந்த இடத்திலேயே அதனைச் சற்று நிறுத்துவது, மண்ணில் இறக்குவது, எஞ்சியதை மெல்ல அனுப்புவது. சாலையோரத்துப் புல்வாய்க்கால், தாழ்வாக அமைத்த மழைத்தோட்டம், நீர் கசியும் தளக்கல், ஊறுகுழி, பசுங்கூரை, மழைக்காலத்தில் மட்டும் நிரம்பும் பூங்காப் பள்ளம் ஆகியவையே இதன் உறுப்புகள்.

தமிழில் நாம் இவற்றைப் "பசுமை உட்கட்டமைப்பு" என்று மொழிபெயர்க்கிறோம். பிழையான மொழிபெயர்ப்பு அன்று. ஆனால் ஊரில் எவரிடமாவது "பசுமை உட்கட்டமைப்பு வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். பூங்காவில் செடி வைக்கச் சொல்கிறீர்கள் என்று நினைப்பார்கள். நீர் என்ன செய்ய வேண்டும் என்பது அச்சொல்லில் இல்லை.

மராத்தியில் இருக்கிறது. மகாராட்டிரத்தின் வறட்சிப் பகுதிகளில் நீர்ப்பிடிப்புப் பணிகளுக்குரிய முழக்கம் "பாணீ அடவா, பாணீ ஜிரவா" என்பது. நீரைத் தடுங்கள், நீரை ஜிரவுங்கள். இந்த "ஜிரணே" என்ற வினைக்கு நீர் மண்ணில் ஊறி மறைதல் என்றும், உண்டது செரித்தல் என்றும் இரு பொருள். சமஸ்கிருத வேரிலிருந்து வந்தது. நாம் வழங்கும் சீரணம் என்ற சொல்லும் அதே வேரினதுதான். இவ்வுறவு ஒலியொப்புமை அளவில் நிற்பதன்று, வரலாற்றுச் சான்றுடையது என்பதால் ஆசிரியர் இம்முறை சிவப்பு மை எடுக்கமாட்டார். ஒருவரின் திமிரை அடக்குவதற்கும் மராத்தியில் இதே வினையைப் பயன்படுத்துவர். ஆக, வெள்ளத்தின் திமிரை அடக்குவதும், நிலத்துக்கு உணவூட்டுவதும், நீரை மண்ணில் இறக்குவதும் ஒரே சொல்லில் அடங்கியுள்ளன. மராத்தி உழவர் ஒருவருக்கு இந்த இயலை விளக்கப் பாடநூல் வேண்டியதில்லை.

நம்மிடமும் இல்லாமலில்லை. நான் பிறந்தது சிவகங்கை மாவட்டத்தில். கண்மாய், ஊருணி, மடை, கலுங்கு, மறுகால் என்ற சொற்களோடு வளர்ந்தேன். மேலக்கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து கீழக்கண்மாய்க்குப் போகும். ஒவ்வொரு கண்மாயும் வெள்ளத்தைக் கொஞ்சம் நிறுத்திக் கொஞ்சம் அனுப்பும். வடமாவட்டங்களில் "தாங்கல்" என்ற பெயருண்டு. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் ஆகிய ஊர்ப்பெயர்களில் அதைக் கேட்கிறோம். தாங்குவது தாங்கல், ஏந்துவது ஏந்தல். நீர்நிலைக்கு வினையையே பெயராக இட்டவர்கள் நம் முன்னோர். நகரத்துக்கு வந்ததும் நமக்கு எஞ்சிய ஒரே சொல் "வடிகால்". மழைநீர் என்றால் வடிய வேண்டும். விரைவாக வடிய வேண்டும். வேறொருவர் தெருவுக்கு வடிய வேண்டும்.

இவ்வளவையும் எழுதிவிட்டு, இவை எல்லாவற்றுக்கும் தீர்வு என்று முடிப்பது எளிது. நேர்மையாகாது. புனே நிற்பது தக்காணத்து எரிமலைப் பாறையின்மேல். மேலே சிதைவுற்ற அடுக்கும் விரிசலுள்ள அடுக்கும் நீரை ஏற்கும். அடியிலுள்ள இறுகிய பசால்ட்டு ஏற்காது. கரிசல் மண் நனைந்தால் உப்பி, நீர்வழிகளைத் தானே அடைத்துக்கொள்ளும். எனவே ஊறுகுழியை எங்கு வேண்டுமானாலும் தோண்டிவிட முடியாது. பாறையின் அடுக்கறிந்து தோண்ட வேண்டும். அன்றியும் 2019இல் பெருமழை வந்தது பருவத்தின் இறுதியில். மண் ஏற்கெனவே வயிறு நிறைய உண்டிருந்தது. அத்தகைய இரவில் மண் செரிக்காது. நீர் நிற்க இடமும் ஓடை அகலமும்தான் உயிர்களைக் காக்கும். பஞ்சு நகரத் திட்டத்துக்குப் பெரும்பொருள் செலவிட்ட சீனத்துச் செங்சௌ நகரம், 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மி.மீ. மழை பெய்தபோது மூழ்கியது. பஞ்சுக்கும் ஓர் எல்லை உண்டு. அடிக்கடி வரும் சிறுமழைக்கும் நடுத்தர மழைக்கும் அது விடை. அரிதாக வரும் பெருமழைக்கு, குன்றுச் சரிவுகளைக் கட்டடமின்றி விடுவதும் ஏரிகளைக் காப்பதும் ஓடைக்கு அதன் இடத்தைத் தருவதுமே விடை.

ஓடைக்கு இடம் தருவது என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். 2021 ஜூனில் தாண்டேகர் பாலத்தருகே அம்பில் ஓடாவின் கரையிலிருந்த குடிசைகள் மழைக்காலத் தொடக்கத்தில் இடிக்கப்பட்டன. பெண்களும் குழந்தைகளும் இயந்திரங்களின் முன் நின்று அழுததை அன்று நகரமே தொலைக்காட்சியில் பார்த்தது. ஓடையைக் குறுக்கியவர்களுள் வலியவர்களும் உண்டு, எளியவர்களும் உண்டு. இடத்தைத் திருப்பித் தரச் சொல்லும்போது முதலில் கேட்கப்படுபவர் யார் என்பதையும் சேர்த்தே நாம் பேச வேண்டும்.

இங்கே என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இப்பதிவை எழுதத் தயங்கியதற்கு அதுவே காரணம்.

2021இல் ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. முதல் சில மாதப் பணத்தைச் சேர்த்து, ஊரில் எங்கள் வீட்டு முன்வாசலுக்குச் சிமெண்டுத் தளம் போட்டுக் கொடுத்தேன். செம்மண் வாசல், மழைநாளில் சேறு. அப்பாவுக்கு முழங்கால் வலி, வழுக்கினால் என்னாவது என்ற கவலை. அப்பா வேண்டாம் என்றுதான் சொன்னார். "மண்ணு கெடக்கட்டும்மா, கோலம் போட நல்லாருக்கு" என்றார். நான் கேட்கவில்லை. வெள்ளத்தில் ஓரிரவு தரையில் விழித்திருந்தவள், ஓடைகளின் பெயர்களைச் சேகரித்துக் குறிப்பேடுகளை நிரப்பிக்கொண்டிருந்தவள், தன் வீட்டு வாசலை அடைத்தபோது ஒரு கணமும் யோசிக்கவில்லை. படம் எடுத்து இதே பக்கத்தில் பகிர்ந்திருந்தேன். பலரும் வாழ்த்தினீர்கள்.

அந்த ஐப்பசியில் மழை வந்தது. முன்பு கூரைநீரும் வாசல்நீரும் செம்மண்ணில் இறங்கிவிடும். இப்போது தளத்தின் சரிவு வழியே ஓடிப் பள்ளத்திலுள்ள எதிர்வீட்டுப் பெரியம்மாவின் திண்ணையில் ஏறியது. அவர் தனியாக இருப்பவர். அரிசி மூட்டையைத் திண்ணையோரத்தில் வைத்திருந்தார். அப்பா தொலைபேசியில் சொன்னபோது நான் மழையைக் குறை சொன்னேன். மறு ஆண்டும் நீர் ஏறியது. பெரியம்மா எங்கள் வீட்டோடு பேசுவதை நிறுத்திவிட்டார். முப்பது ஆண்டுகளாகப் பொங்கலன்று எங்கள் வீட்டுக்கு வந்த பானைக் கரும்பு வரவில்லை.

எங்கள் வாசல் பத்து மீட்டருக்கு நான்கு மீட்டர். 50 மி.மீ. மழைக்கு 2,000 லிட்டர், கூரைநீர் தனி. இந்தக் கணக்கைப் புனேக் கருத்தரங்கு ஒன்றில் ஒரு பொறியாளர் கரும்பலகையில் எழுதியபோதுதான், பெரியம்மாவின் திண்ணைக்கு அனுப்பியது நான் என்பது உறைத்தது. மழை எப்போதும் பெய்வதுதான். அனுப்பியவள் நான். ஆக்கிரமிப்பாளர், கட்டுமானக்காரர், அலுவலர் என்று அறிக்கைகளில் நான் அடிக்கோடிட்டு வைத்திருந்த எல்லாரும் செய்ததை, அளவில் சிறிதாக, நானும் செய்திருந்தேன். அவர்களுக்கும் அவரவர் அளவில் ஒரு முழங்கால் வலிக் காரணம் இருந்திருக்கலாம்.

இவ்வாண்டு மே மாதம் ஊருக்குப் போய், மதிலோரம் ஓரடி குறைய நான்கடி அகலத்துக்குத் தளத்தை உடைத்தோம். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் குழி தோண்டி உடைகல்லும் சரளையும் நிரப்பினோம். கல்லின் இடைவெளியில் ஏறத்தாழ 600 லிட்டர் நிற்கும். நிற்கும்போதே செம்மண் குடித்துக்கொண்டிருக்கும். கூரைக்குழாயை அதில் இறக்கினோம். மீதியை அப்பா நடக்க விட்டிருக்கிறோம். அவர் முழங்காலும் உண்மைதான். முழு நீரையும் இது தாங்காது என்று கணக்கே சொல்கிறது. பாதியைத் தாங்கினாலும் திண்ணைக்கு ஏறாது என்று நம்புகிறேன்.

வேலை முடிந்த அன்று பெரியம்மாவிடம் போய்ச் சொன்னேன். தளம் போட்டது என் தவறு என்றேன். அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. குழியைப் பார்க்க வந்தார். "இதுல எவ்வளவு நிக்கும்?" என்று கேட்டார். சொன்னேன். "ஐப்பசி வரட்டும், பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நியாயமான ஆய்வுமுறை. நானும் காத்திருக்கிறேன்.

நான் பொறியாளர் அல்லேன். வடிகால் வடிவமைப்பைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. சொற்களைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கினர். "சேகரிப்பு" என்ற அச்சொல் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. தூர்ந்துபோன குழிகள் ஒருபுறம் இருந்தாலும், மழைநீரைச் சேர்த்துவைக்கலாம் என்ற எண்ணத்தை ஒரு தலைமுறைக்குத் தந்தது அச்சொல். அதன் பக்கத்தில் இன்னொரு சொல்லையும் வைக்க வேண்டும். நீர் மண்ணில் இறங்கி மறைவதற்கு, நிலம் நீரைச் செரிப்பதற்கு, எங்கள் பக்கம் "ஊறுதல்", "சுவறுதல்" என்பார்கள். உங்கள் ஊரில் என்ன சொல்வார்கள்? அத்தையோ தாத்தாவோ சொல்லும் சொல் எதுவாயினும், ஊர்ப்பெயருடன் கீழே எழுதுங்கள். தொகுத்து எல்லாருக்கும் பகிர்கிறேன். மாணவர்கள் தங்கள் ஆய்வில் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஆஜியைச் சென்ற வாரம் பார்த்தேன். வீட்டு வாசலில் தடுப்புப் பலகை வைக்க இருபுறமும் காடி வெட்டியிருக்கிறார். இவ்வாண்டு மழை எப்படி என்று கேட்டேன். "ஓடா அஜூன் ஆலா நாஹீ" என்றார். ஓடை இன்னும் வரவில்லை. வரும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. வரும்போது அது படுப்பதற்கு இடம் வைத்திருக்கிறோமா என்பதே கேள்வி.